பூஜைக்கு வைத்த வெயில்

சூரியநெல்லி எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் போனில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கொய்யா மரத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே, ஓர் ஆள் நெருக்கி நிற்கலாம். ஆயுத பூஜையன்று காலையில் அந்த இடத்தைப் பிடித்த சித்ரா விடவேயில்லை. பேச வந்த இரண்டு பேர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, படித்த பிள்ளை, ஏதோ முக்கியமாகப் பார்க்கிறது என்று திரும்பிப் போய்விட்டார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கோடு. மலைக்குக் கீழே, பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளியில், சின்னையன் என்ற விவசாயியின் தென்னந்தோப்பு ஓரத்தில் அவள் நிறுத்திவிட்டு வந்த சட்டம் எவ்வளவு ஹைட்ரஜன் விடுகிறது என்பதை நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லுகிற கோடு. வெயிலோடு சேர்ந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்த அது, பத்து மணிக்குச் சற்று முன்னால், யாரோ காலைத் தட்டிவிட்டது போல விழுந்து தரையோடு படுத்துக்கொண்டது. மேகம் மறைத்தால் சரியும், இப்படி விழாது.

சட்டம் என்பது அவள் வைத்த பெயர். ஆய்வகத்தில் அதற்கு வாய் வலிக்கிற பெயர் ஒன்று இருக்கிறது. கதவளவு இரும்புச் சட்டம், முன்பக்கம் கண்ணாடி, உள்ளே காரம் கலந்த தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு கறுப்புத் தகடு. தகட்டில் வெயில் பட்டால் தண்ணீர் இரண்டாகப் பிளக்கும். ஒரு குழாயில் ஹைட்ரஜன், இன்னொன்றில் ஆக்சிஜன். ஹைட்ரஜன் எரிபொருள். இலை வெயிலைத் தின்று செய்கிற வேலையின் முதல் பாதியைத் தகடு செய்யவேண்டும், அவ்வளவுதான். இலை எந்தக் கல்லூரியிலும் படித்துவிட்டு வரவில்லை. தகட்டுக்காகச் சித்ரா ஐந்து வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஆய்வகத்து விளக்குக்கு அடியில் சமர்த்தாக ஓடிய தகடு திறந்த வெயிலில் முப்பது நாள் நிற்காமல் ஓடிக் காட்டவேண்டும் என்று பரிசீலனைக் குழு சொல்லிவிட்டது. ஓடினால் பட்டம். பட்டம் கைக்கு வந்தால் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வேலை தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்பா மார்ச்சில் ரிட்டையர் ஆகிறார். அதோடு லயத்து வீட்டை எஸ்டேட்டிடம் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். 'கீழே வாடகைக்கு வீடு பார்த்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்' என்று அவள் அம்மாவிடம் சொல்லி, அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. முப்பது நாளில் ஒரு வாரம்தான் பாக்கி.

பூஜை லீவுக்கு ஹாஸ்டலில் மெஸ்ஸை மூடிவிட்டார்கள். இரண்டு நாள்தானே, போய்விட்டு வா என்று கைடு ஜிபி சாரும் சொன்னார். கண்ணாடியை நன்றாகத் துடைத்து, சின்னையனின் மனைவி சின்னத்தாயியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். இப்போது அவர்களுக்குப் போன் போட்டால் அடித்து அடித்து ஓய்ந்தது. குழாய் பிடுங்கிக்கொண்டதா? மயில் ஏறி மிதித்ததா? தகடு ஒரேயடியாகப் போய்விட்டதா? ஓரிடத்தில் நிற்க முடியாமல் கொய்யா மரத்தைச் சுற்றினாள். நாலடி நகர்ந்தாலே சிக்னல் போய்விடுகிறது என்பதால் திரும்பவும் வந்து நின்றாள். காலில் கயிறு கட்டிய கோழிக்கும் அவளுக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை.

அவளுடைய அப்பா சுருளிவேல் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். தேயிலை பேக்டரியில் தூளை உலர்த்துகிற டிரையரில் வேலை. பூஜையன்று அவருக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிடும்.

“ஏத்தா, இன்னும் குளிக்கலையா? ரோலருக்கெல்லாம் மாலை போட்டாச்சு. டிரையருக்கு நம்ம கையால பொட்டு வைக்கணும், கிளம்பு.”

“நான் பாலக்காடு போகணும்ப்பா.”

“பூசைக்குன்னு வந்துட்டு பூசையன்னைக்கே போறேங்கிறியே, ஒங்காத்தா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவா.”

“என் மிஷினு நின்னுபோச்சுப்பா.”

மிஷினு நின்னுபோச்சு என்ற சொல்லுக்கு அவர் எத்தனையோ தடவை சோற்றில் கை வைத்தபடி எழுந்து ஓடியிருக்கிறார். உள்ளே போய், அம்மா முருகேஸ்வரி போட்ட சத்தத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு, மகளின் பையை எடுத்துவந்து கொடுத்தார். தம்பி அருண்பாண்டி டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பில் அவளுக்கும் ஓர் ஓரம் கிடைத்தது. வண்டி கிளம்பும்போது சுருளிவேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நூறு கிலோ கொழுந்து உள்ள போனா இருவது, இருவத்திரெண்டு கிலோ தூளு வெளிய வரும். மிச்சம் எங்க போச்சுன்னு இத்தனை வருசத்துல எந்த மேனேசரும் கேட்டதில்ல. ஒங்கிட்ட மட்டும் எதுக்குத்தா இம்புட்டுக் கேள்வி கேக்குறாங்க?” என்றார். சமாதானமாகத்தான் சொன்னார். அவள் கேட்டுக்கொள்கிற நிலையில் இல்லை.

சின்னக்கானலில் யானை இறங்கியிருக்கிறது என்று வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். டூரிஸ்டுகளுக்கு அதைவிடப் பாக்கியம் வேறில்லை; போனைத் தூக்கிக்கொண்டு கழுத்தை நீட்டினார்கள். சித்ராவும் போனைத்தான் பார்த்தாள். கோடு படுத்தது படுத்தபடி கிடந்தது. யானை அவசரமில்லாமல் யூகலிப்டஸ் தோப்புக்குள் போய் மறைந்தது. மூணாறில் உடுமலைப்பேட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறினாள். உட்கார இடம் கிடைத்தும் மறையூர் வரை எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த அம்மாள், “வாந்தி வருதாம்மா? எலுமிச்சம்பழம் இருக்கு, வேணுமா?” என்று கேட்டார்.

எதைப் பார்த்தாலும் எங்கே ஒழுகுகிறது என்று கண் போவது அவளுக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டிருந்தது. சூடான என்ஜின் மூடி, டீக்கடை பாய்லரிலிருந்து வீணாகப் போகிற ஆவி, மூடாத குழாய் எல்லாமே அவளைத் தொந்தரவு செய்தன. தகட்டின் கதையும் அதுதான். சூரியன் நூறு பங்கு கொடுத்தால் கண்ணாடி தன் பங்குக்குக் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். தகட்டுக்குப் பிடிக்காத நிறமெல்லாம் சும்மா ஊடுருவிப் போகும். பிடித்த ஒளியிலும் ஒரு பெரும்பகுதி வெறும் சூடாகிப் போகும். கிளம்பிய மின்துகள்கள், ஏர்போர்ட் வரை போய்விட்டு வீட்டு ஞாபகம் வந்து திரும்பிவிடுகிற மாப்பிள்ளைகள் போல, பாதி வழியில் பழைய இடத்திலேயே விழுந்துவிடும். போய்ச் சேர்ந்தவற்றுக்கும் நிம்மதி கிடையாது. தண்ணீர் பிளப்பதற்கு நியாயமாகக் கொடுக்கவேண்டியது ஒன்று, அதற்கு மேல் அது கேட்கிற கைமடக்கு ஒன்று. பிறந்த குமிழிகளோ தகட்டை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டு வெயிலை மறைக்கும். எல்லாரும் பிடித்தது போகக் கடைசியில் கையில் மிஞ்சுவது ஆறேழு பங்கு.

அந்த ஆறேழும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்தது. தகடு காரத்தில் கரைகிறது, கரைந்தது திரும்பி வராது என்று அவளும் ஜிபி சாரும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். அவளுடைய ஆய்வேட்டில் பாதி அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது. வெயில் இல்லாத நேரத்தில் கரைவது இன்னும் அதிகம் என்று பயந்து, ராத்திரி முழுக்கத் தகட்டுக்குக் கொஞ்சமாக மின்சாரம் காவல் இருக்கும்படி ஒரு பேட்டரியை வைத்திருந்தாள். பகலில் வேலை, ராத்திரியில் காவல். முதல் நாள் சுவிட்சைப் போட்டதிலிருந்து தகடு ஒரு கணம்கூடச் சும்மா இருந்ததில்லை. அவளும்தான் இருந்ததில்லை. தகவல் அனுப்புகிற பெட்டிக்குத் தனி பேட்டரி என்பதால், உயிர் போன தகட்டின் சேதி மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

பொள்ளாச்சியில் பஸ் மாறி, எலப்புள்ளியில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கணவாய்க் காற்று பனைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். சின்னையனின் களத்தில் டிராக்டர் வாழைக்கன்று கட்டி நின்றது. மோட்டார் அறைக் கதவில் மாவிலை. மருந்து தெளிக்கிற மிஷின், மண்வெட்டி, தேங்காய் உரிக்கும் பாரை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. களத்தின் கோடியில் அவளுடைய சட்டம், தலைமுதல் கால்வரை சரிகைக் கரை போட்ட பட்டு வேட்டி போர்த்தி, செவ்வந்தி மாலையோடு கல்யாண மாப்பிள்ளையாக நின்றது. இரும்புக் கால் நாலிலும் பொட்டு. முன்னால் இலை போட்டுப் பொரி, கடலை, வாழைப்பழம். பேட்டரிப் பெட்டிக்குக்கூட மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை இழுத்திருந்தது. அதன் சுவிட்ச் அணைந்திருந்தது.

“வாங்க அம்மிணி, வாங்க!” என்று சின்னத்தாயி முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். “பூசைக்கு நம்மூட்டுக்கே வந்துட்டீங்களா? கோயலுக்குப் போயிருந்தமுங்க, போனு ஊட்லயே கெடந்துருச்சு.”

“இத யாரும்மா மூடுனது?”

“நானும் அவருந்தானுங்க. நல்லாக் கழுவித் தொடச்சு, பொட்டு வெச்சு... அந்தப் பட்டு அவரு கல்யாணத்துக்கு எடுத்ததுங்க. வெறுந் துண்டப் போட்டா நல்லா இருக்காதில்லீங்க.”

“சுவிட்சு?”

“அதையும் அமத்திட்டமுங்க. ராத்திரியெல்லாம் பச்ச வெளக்கு மினுங்கிட்டே கெடக்குதே, அது எப்பத்தான் தூங்கும்? மோட்டாரு, டிராக்டரு எல்லாத்துக்கும் லீவு உட்டுப்போட்டு இத மட்டும் ஓட உட்டாப் பாவமில்லீங்களா? நீங்கதானுங்க சொல்லீட்டுப் போனீங்க, உங்கூட்டு மிஷினு மாதிரி நெனச்சுப் பாத்துக்கோங்கன்னு.”

நுணலும் தன் வாயால் கெடும். சொன்னது அவள்தான். எல்லாரும் சொல்கிற உபசார வார்த்தை என்று நினைத்துச் சொன்னாள். அவர்கள் உபசாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் பூஜைக்கு வைத்த சாமானை அடுத்த நாள் காலை பூஜை எடுக்கும் வரை தொடமாட்டார்கள். பிள்ளைகள் புத்தகத்தைத் தொடமாட்டார்கள், தையல்காரன் ஊசியைத் தொடமாட்டான். அது அவளுக்குத் தெரியாததும் அல்ல. அன்று காலையில் டிரையருக்குப் பொட்டு வைக்க அப்பா அவளைக் கூப்பிட்டாரே, அப்போதாவது உறைத்திருக்கவேண்டும். பேக்டரி மிஷினுக்கு மாலை என்று கேட்ட காது, தன் மிஷினுக்கும் அன்றைக்குத்தான் பூஜை என்று நினைக்கவில்லை. மனிதருக்குத் தன் சாமான் மட்டும் எப்போதும் வேறு சாமான்தான்.

“உங்களை யாரும்மா இதைத் தொடச் சொன்னது?” என்று கத்திவிட்டாள். “ஒரு மாசம்மா! ஒரு மாசம் நிக்காம ஓடணும்! எல்லாத்தையும் கெடுத்து வச்சிட்டீங்களே!”

சின்னத்தாயியின் சிரிப்பு முகத்திலேயே பாதியில் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து சின்னையன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். சித்ரா பட்டின் நுனியைப் பிடித்திருந்தாள். “இப்ப எடுக்க வேண்டாமுங்க அம்மிணி,” என்றார் அவர் மெதுவாக. “காத்தால பூசை எடுத்துப்போட்டு நானே எடுத்துத் தாறன்.” அவரை மீறி இழுத்திருப்பாள். ஆனால் பனைகளுக்குப் பின்னால் சூரியன் போய்விட்டிருந்தது. இழுத்தாலும் தகட்டுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அவள் கையை எடுத்தாள்.

மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்து, ஆய்வகத்து நண்பன் ஷிஜுவுக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு மலையாளத்தில், ரொம்பச் சாதாரணமாக, ஒரு நாள்தானே என்றான். தகவல் பெட்டி வேலை செய்யவில்லை, சட்டம் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று குறிப்பு எழுதிவிடலாம். முந்தின நாளும் அடுத்த நாளும் இருக்கும்போது நடுவில் ஒரு கோடு இழுப்பது என்ன பெரிய காரியம், எல்லாரும் செய்வதுதான், நீ சரி என்று சொன்னால் நானே போட்டுவிடுகிறேன் என்றான். பட்டு போர்த்தியதால் ஒருத்திக்கு டாக்டர் பட்டம் போயிற்று என்று சரித்திரத்தில் எழுத வேண்டாம் பாரு என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவள் மேல் அக்கறை உள்ளவன்தான். காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். சரி என்று சொல்லத்தான் போகிறோம் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அதற்காக வெட்கமாக இருந்தது. மார்ச் மாதத்தையும் அம்மாவையும் நினைத்தபோது வெட்கம் கொஞ்சம் அடங்கியது.

சின்னத்தாயி இலை போட்டு இட்லி வைத்தாள். சர்க்கரைப் பொங்கலை மட்டும் கேட்காமலே இரண்டாவது தடவை வைத்தாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சித்ராவுக்கு நெஞ்சு வரை வந்தது. கேட்டால் அழுதுவிடுவோம் என்று சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

விஜயதசமியன்று காலையில் வெயில் களத்தில் இறங்கியதும் சின்னையன் தேங்காய் உடைத்தார். கற்பூரம் காட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிட்டார்கள். டிராக்டரை ஒரு தடவை உறுமவிட்டு நிறுத்தினார். சட்டத்துக்கு முன்னால் வந்ததும் தம்பதி இருவரும் ஒதுங்கி நின்றுகொண்டார்கள். சித்ராவே பட்டை எடுத்தாள். காவல் மின்சாரம் இல்லாமல் கிடந்த தகடு கரைந்து தண்ணீர் பழுப்பேறியிருக்கும் என்று மனசைத் தயார் செய்துகொண்டுதான் எடுத்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. சுவிட்சைப் போட்டாள்.

“கெட்டுப்போச்சுங்களா?” என்று சின்னத்தாயி கேட்டாள். முந்தின நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“இருங்கம்மா.”

ஹைட்ரஜன் குழாயின் முனை ஒரு கண்ணாடி ஜாடித் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு குமிழி. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, அவசர அவசரமாக, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி வந்தன. சித்ரா போனைப் பார்த்தாள். கோடு எழுந்துவிட்டிருந்தது. ஒரு மணி நேரம் போனது. முந்தின நாள் இதே நேரத்தில் இருந்த உயரத்தைத் தாண்டியது. போன வாரத்து உயரத்தையும் தாண்டியது. பழைய கோடுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சுவிட்சைப் போட்ட முதல் நாளின் கோட்டோடு இது ஒட்டி நின்றது. தேய்ந்ததெல்லாம் திரும்பி வந்திருந்தது.

சந்தோஷத்தில் சின்னத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கெடலம்மா. முன்னைவிட நல்லா ஓடுது.” சின்னத்தாயி, “என்ற சாமி!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்ட காசை மஞ்சள் துணியில் முடிந்துவைக்க உள்ளே ஓடினாள். அவள் போன பிறகுதான் சித்ராவுக்குச் சிரிப்பு மெல்ல வடிந்தது. கரைந்த தகடு திரும்பி வராது. திரும்பி வந்தது என்றால் கரையவில்லை. நாளுக்கு நாள் போய்க்கொண்டிருந்தது எங்கும் போகாமல், தகட்டுக்குள்ளேயே எங்கோ சிக்கி நெரிசலில் நின்றிருக்கிறது. வெயிலும் இல்லை, மின்சாரமும் இல்லை என்று ஆனதும் கலைந்து வழி விட்டிருக்கிறது. காவல் என்று அவள் வைத்த மின்சாரம்தான் ராத்திரியெல்லாம் அதைக் கலையவிடாமல் பிடித்து வைத்திருந்ததா? அப்படியானால் அவளும் ஜிபி சாரும் எழுதிய வாக்கியம் தப்பு. அதன் மேல் நிற்கிற பாதி ஆய்வேடும் தப்பு. அவள் அலைந்து அலைந்து அடைக்கப் பார்த்த ஓட்டை அங்கே இல்லவே இல்லை.

இருக்கட்டும், ஒரு தடவை நடந்தது நடந்ததாகுமா? சின்னத்தாயி கண்ணாடியைக் கழுவியிருக்கிறாள். புளி போட்டாளோ எலுமிச்சை போட்டாளோ, கண்ணாடி கூடுதலாகப் பளிச்சென்று ஆகி, அதனால் வெயில் அதிகம் விழுந்து கோடு ஏறியிருந்தால்? அவ்வளவுக்கு ஏறாது என்று அறிவு சொன்னது. அறிவு சொன்னதைக் கேட்டுத்தான் ஐந்து வருஷம் போயிற்று. போனில் ஷிஜுவின் கேள்வி வந்து நின்றது: போட்டுவிடட்டுமா? போடு என்று ஒரு வார்த்தை. போட்டால் முப்பது நாள் முழுசாகும், கோடு முன்னைவிட அழகாக இருக்கும், பட்டம், வேலை, வீடு. தகடு கரைகிறது என்ற பொய் மட்டும் அச்சில் கிடக்கும். யாராவது எப்போதாவது கண்டுபிடிப்பார்கள், அல்லது கண்டுபிடிக்காமல் போவார்கள். அதுபற்றி அவளுக்கு என்ன? விரல் எழுத்தின் மேல் போய்ப் போய் வந்தது. எழுந்து களத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி சட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள். இந்த ஏறின கோடு ஏன் ஏறியது என்று தெரியாமல் அதன் கீழே தன் பெயரைப் போட முடியாது என்பது நியாய அநியாயக் கணக்காக அவளுக்குத் தோன்றவில்லை. பசி மாதிரி, உடம்பில் தோன்றியது. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. கழுவாமல், துடைக்காமல், பேட்டரியை அணைத்துத் திரும்பவும் மூடவேண்டும். ஒரு நாள் விட்டுப் பார்க்கவேண்டும். மூடினால் இரண்டாவது தடவையாகக் கோடு விழும். அதற்கு அப்புறம் ஷிஜு இழுக்கிற எந்தக் கோடும் ஒட்டாது.

உச்சி வெயில். மாதத்திலேயே இப்படி ஒரு வெயில் அடித்ததில்லை. துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் வானம் கையிருப்பையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. சித்ரா பின்வாசலில் போய் நின்றாள்.

“அம்மா, அந்தப் பட்டை இன்னொரு தடவை தர்றீங்களா?”

சின்னத்தாயி மடித்து வைத்திருந்த பட்டை மார்போடு பிடித்துக்கொண்டாள். “எதுக்குங்க?”

“மூடணும்.”

“விஜயதசமிங்க அம்மிணி! இன்னைக்கு எல்லாம் ஓட ஆரம்பிக்கற நாளு. இன்னைக்குப் போயி ஆராச்சும் ஓடறத நிறுத்துவாங்களா? நேத்து மூடுனதுக்கு அந்தக் கத்து கத்துனீங்க.”

“நேத்து கத்துனது தப்பும்மா. இன்னைக்கு நானே மூடுறேன்.”

“உங்களுக்குக் கெடுதலுங்களா?”

“கெடுதலாவும் இருக்கலாம்,” என்றாள் சித்ரா. “எங்கப்பா வீட்டைக் காலி பண்ணணும். அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா. ஆனாலும் மூடணும்.”

சின்னத்தாயிக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சகுனம் சகுனம்தான் என்று முகம் சொன்னாலும் பட்டைக் கொடுத்தாள். தனியாகப் போர்த்தினால் காற்று தூக்கிவிடும் என்று கூடவே வந்து, முறைத்துக்கொண்டே மறுமுனையைப் பிடித்தாள். காற்றில் புடைத்த பட்டைக் கண்ணாடியின் மேல் இழுத்துவிட்டு, சித்ரா முடிச்சுப் போட்டாள். குனிந்து பேட்டரிச் சுவிட்சை அணைத்தாள். பிறகு போனை எடுத்து, வேண்டாம் என்று ஷிஜுவுக்கு எழுதினாள். அவன் என்ன திட்டுகிறான் என்று பார்க்காமல் பைக்குள் போட்டாள்.

தோப்புக்குள் சின்னையன் மோட்டாரைப் போட்டார். ஒரு நாள் ஓய்ந்திருந்த குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்ட ஆரம்பித்தது. வாய்க்காலில் அது ஓடி வருகிற சத்தம் கேட்டது. சித்ரா மண்ணில் சம்மணம் போட்டு ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். குழாயில் மிச்சமிருந்த ஹைட்ரஜன் வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு குமிழி. சற்று நேரம் கழித்து இன்னொன்று. அடுத்தது குழாய் முனையில் தலையை நீட்டி, கொஞ்சம் பருத்து, வருவதா வேண்டாமா என்று அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.